லகார்த் வீட்டின் வடக்குப் பாதி

"தூக்குங்க" என்று வீட்டுக்கார அம்மாள் குளோத்தில் சொன்னதும் நடுக்கூடத்தில் இருந்த இரண்டு கட்டில்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பின. தெற்கு அறைக்குப் போக வேண்டிய கட்டிலில் அவள் மகள் சபீன் கண்ணை மூடிக் கிடந்தாள், வடக்கு அறைக்குப் போக வேண்டிய கட்டிலில் மில் தொழிலாளி பூங்காவனம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தன்னைத் தூக்குகிறவர்களுக்கு மூச்சிரைப்பதைக் கேட்டு வெட்கப்பட்டுக் கிடந்தாள்.

"என்னை எதுக்கு மதாம் தூக்கணும்? ஆஸ்பத்திரியிலேர்ந்து இங்க வரைக்கும் நடந்துதானே வந்தேன்."

"அவ எப்படி உள்ள போறாளோ அப்படித்தான் நீயும் போகணும். பேசாம படு."

"அந்தப் பொண்ணு எலும்பும் தோலுமா இருக்குது. என்னைத் தூக்குறவங்கதான் பாவம்."

தூக்கியவர்களில் ஒருவன் சிரித்தான். குளோத்தில் சிரிக்கவில்லை. எதிரெதிராக இருந்த இரண்டு நிலைப்படிகளையும் இரண்டு தலைமாடுகளும் ஒரே கணத்தில் கடந்தனவா என்று கூடத்தின் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தாள். கடந்தன. வடக்குப் பாதிக்குச் சொந்தக்காரரான அவள் கொழுந்தன் மத்தேயுவும் அவர் மனைவி அனஸ்தாசியும் சமையலறை வாசலில் ஒதுங்கி நின்றார்கள். அந்த வடக்கு அறைதான் அவர்கள் படுக்கும் அறை. காலையில்தான் பெட்டியையும் சுவர்க்கடிகாரத்தையும் தலையணைகளையும் அங்கிருந்து எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள்.

வெள்ளை நகரத்தில் அந்த வீட்டைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கத்துத் தெருக்களிலும், மில் வாசலிலும், மீன் அங்காடியிலும்கூடத் தெரியும். ஆங்கிலேயர்கள் வெடி வைத்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் போன ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், லகார்த் என்ற நீலத்துணி வியாபாரி அதைத் தனக்காகக் கட்டிக்கொண்டான். பழைய ரோமாபுரிக் கோயில்களைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த அவன், கடலைப் பார்த்த முகப்பில் நான்கு தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு முக்கோண முகட்டை வைத்து, அந்த முகட்டின் உச்சியிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரு நூலைப் பிடித்துக் கட்டி, நூலுக்குத் தெற்கே எது உண்டோ அது நூலுக்கு வடக்கேயும் இருக்க வேண்டும் என்று கொத்தனார்களிடம் சொன்னான். தெற்கே ஒரு படிக்கட்டு, வடக்கே ஒரு படிக்கட்டு. தெற்கே ஒரு கிணறு. வடக்கே தோண்டிய இடத்தில் தண்ணீர் வரவில்லை, ஆனாலும் கைப்பிடிச் சுவர் கட்டி, ராட்டினம் மாட்டி, கயிறும் வாளியும் தொங்கவிட்டார்கள். தெற்கு அறைக்கு ஒரு பெரிய ஜன்னல் வைத்தார்கள். வடக்கு அறையில் அந்த இடத்தில் ஜன்னல் வந்தால் தன் வீட்டுப் பெண்களைப் பார்ப்பார்கள் என்று அடுத்த வீட்டுக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டதால், வெறும் சுவரின் மேல் பச்சை வர்ணம் அடித்த கதவுகளையும் கொக்கிகளையும் பொருத்தி ஒரு ஜன்னல் போலச் செய்தார்கள். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைக் குழைத்துப் பூசிய சுவர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மினுங்கின. எல்லாம் முடிந்து நூலை அவிழ்த்தபோது, வீடு அந்த நூலை மறக்கவில்லை.

முதலில் லகார்த் தெற்குப் படிக்கட்டில் வழுக்கி இடது காலை முறித்துக்கொண்டான். அதே கணத்தில் வடக்குப் படிக்கட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த வேலைக்காரன் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டான். பிறகு லகார்த்தின் மனைவிக்குத் தெற்கு அறையில் பெண் குழந்தை பிறந்தது. வடக்கு அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த, கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாத ஆயாவுக்கு, வயிறு தெரியாமலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதை ஊர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டது. பிறகு லகார்த்தின் மனைவி செத்துப்போனாள். வடக்கு அறையில் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த தையற்காரர், வாயில் ஊசியோடு முழங்கால் மடிந்து சுவரோரமாக உட்கார்ந்தார், அப்படியே இருந்தார்.

எதனால் என்று கொஞ்ச நாள் பேசினார்கள். அதற்குள் என்ன செய்வது என்பது பெரிய பேச்சாகிவிட்டதால், எதனால் என்பது விட்டுப்போயிற்று. ஒரு பக்கம் பிள்ளைவலி என்று கேள்விப்பட்டால் பிள்ளையில்லாத பெண்கள் வாய்க்காலைத் தாண்டி ஓடிவந்து எதிர் அறையில் பாயைப் போட்டார்கள். ஒரு பக்கம் காய்ச்சல் என்றால் எதிர் அறையைக் காலி செய்தார்கள். ஆனால் அறை காலியாக இருந்தாலும் வீடு விட்டுவிடுவதில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. தெற்கே நடந்தது வடக்கு அறையில் காத்திருக்கும், அடுத்து யார் அந்த அறைக்குள் காலை வைக்கிறார்களோ அவர்களுக்கு அது நடக்கும். அதனால் சாவு நிகழ்ந்த அறைக்கு எதிர் அறையைச் செங்கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். பிறப்பு காத்திருந்த அறைகளில் பெண்கள் வந்து படுத்து அதை வாங்கிக்கொண்டு போனார்கள். இப்படியே ஆண்டுகள் போகப் போக, பிறப்புகளையெல்லாம் ஊர் எடுத்துக்கொண்டது, சாவுகளையெல்லாம் வீடு வைத்துக்கொண்டது. மாடி முழுக்க அடைபட்டது. கீழே கூடத்தை ஒட்டிய அறைகளில் தெற்கே ஒன்றும் வடக்கே ஒன்றும் மிஞ்சின.

ஊரும் அதற்குத் தகுந்தபடி தன்னைத் திருத்திக்கொண்டது. மாதா கோயிலில் மணி அடிக்கிறவர், லகார்த் வீட்டில் துக்கம் என்று ஆள் வந்தால், "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைப் பிடிப்பார். அந்த வீட்டுக்கு வரும் டாக்டர் இந்தப் பக்கம் நாடி பார்த்துவிட்டு அந்தப் பக்கமும் போய் ஒரு பார்வை பார்ப்பார். லகார்த்தின் வாரிசுகள் கப்பலேறிய பிறகு வீட்டை வாங்கிய தமிழ்க் கிறிஸ்தவ வக்கீல், அதை மகன்கள் இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார். பிரெஞ்சுக் கொடி இறங்கி, யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்ல வேண்டிய வேளை வந்தபோது, தெற்குப் பாதியிலிருந்த மூத்த மகன் பிரான்சைச் சொன்னார், வடக்குப் பாதியிலிருந்த மத்தேயு இந்தியாவைச் சொன்னார். "அந்தப் பக்கம் ஒருத்தர் தும்மினா இந்தப் பக்கம் தும்மறதுக்கு விசா வாங்கணும்" என்று தெருவில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். மூத்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது அல்ஜீரியாவில் இறந்தார். வெளியே இறந்ததால் வடக்குப் பாதியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அவர் தம்பிக்குச் செய்த நல்ல காரியம் என்று பேசினார்கள். இறப்பதற்கு வெளியே போவதுதான் அந்தக் குடும்பத்தில் மரியாதை.

அவருடைய மனைவிதான் குளோத்தில். மிஞ்சியது சபீன் மட்டும். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

சபீனுக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அடுத்த கட்டிலில் அதே டைபாய்டோடு கிடந்தவள்தான் பூங்காவனம். பூங்காவனத்துக்குக் காய்ச்சல் இறங்கிக்கொண்டே வந்தது. சபீனுக்கு உள்ளே குடலில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன டாக்டர், எந்த வீடு என்று ஞாபகம் வந்ததும், "இல்லை, இங்கேயே இருக்கட்டும்" என்றார். அப்போதுதான் குளோத்தில் அடுத்த கட்டிலைப் பார்த்தாள். பூங்காவனம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள், கிண்ணத்தின் அடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

குளோத்தில் நினைத்தது இதுதான். தெற்கே காய்ச்சல் என்றால் வடக்கை எப்போதுமே காலி செய்துவிட்டோம். ஒரே நோயில் கிடக்கும் இருவரை இரண்டு பக்கமும் போட்டு, ஒருத்தி எழுந்தால் மற்றவள் எழுகிறாளா என்று இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. காலை முறித்த வீடு, பிள்ளை கொடுத்த வீடு, சாவைக் கொடுத்த வீடு, குணத்தை மட்டும் ஏன் கொடுக்காது? இதை அவள் மத்தேயுவிடம் சொன்னபோது அவரால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. கோயிலில் சாமியாரிடம் சொன்னாள். இது பாவமா இல்லையா என்று சாமியார் ஒரு பூசை முழுக்க யோசித்துவிட்டு, பூங்காவனத்துக்கு சூப் வைக்க ஒரு கோழி அனுப்பினார்.

பூங்காவனத்திடமும் அவள் மறைக்கவில்லை.

"தெரியும் மதாம். அந்த வீட்டைப் பத்தி எங்க மில்லுல பாட்டே கட்டியிருக்காங்க."

"பயமா இல்லையா?"

"நான் எழுந்துட்டேனே. எழுந்தவளை யாரு படுக்க வைக்கிறது? டீச்சரம்மாவுக்கு வந்த ஆரஞ்சையெல்லாம் நான்தான் தின்னேன். வந்து படுக்கிறதுல என்ன." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எம் பொண்ணு எங்க அக்கா வீட்ல இருக்கு. அது இங்க வர வேணாம்."

"வர வேண்டாம்" என்றாள் குளோத்தில்.

இப்படியாக, சாகக் கிடக்கிறவளைப் பிழைக்க வைப்பதற்காகப் பிழைத்துவிட்டவளுக்குச் சோறு போடும் வேலையை ஊர் எடுத்துக்கொண்டது. மீன் அங்காடியிலிருந்து சுறாப்புட்டு வந்தது, ரொட்டிக் கடைக்காரர் முதல் அடுப்பு ரொட்டியைக் கொடுத்தனுப்பினார், பள்ளிக்கூடத்துக் கன்னிமார் முட்டை அனுப்பினார்கள், மில்லில் பூங்காவனத்தோடு வேலை செய்த பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்து கூடத்தின் நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்று, "இன்னும் ரெண்டு வாய் தின்னுடி, டீச்சருக்கு உடம்பு தேறட்டும்" என்று அதட்டினார்கள். தெற்கு அறைக்கு யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. அங்கே கொண்டுவருவதற்கு எதுவும் இல்லை. சபீன் ஸ்பூனால் தண்ணீர் மட்டும் குடித்தாள். குளோத்தில் இரண்டு அறைகளையும் ஒன்றுபோல வைத்தாள். இங்கே தண்ணீர்ச் சொம்பு கட்டிலின் வலது பக்கம் என்றால் அங்கே இடது பக்கம். இங்கே செருப்பு இருந்த இடத்துக்கு எதிராக அங்கே செருப்பு. ஒரு காலையில் பூங்காவனம் திருநீறு இட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, நெடுநேரம் வாசலில் நின்றுவிட்டு, ஒரு சிட்டிகை வாங்கிப்போய் மகளின் நெற்றியிலும் இட்டாள். நற்கருணை கொடுக்க வந்த சாமியார் அதைப் பார்த்தார், அதன் மேலேயே சிலுவை வரைந்தார்.

இரண்டு கதவுகளும் திறந்தே இருந்ததால் அவர்கள் கூடத்தின் குறுக்கே பேசிக்கொண்டார்கள்.

"டீச்சரம்மா, இந்த ஜன்னல் திறக்க மாட்டேங்குதே. காத்தே இல்ல."

"அது ஜன்னல் இல்ல, பூங்காவனம். வெறும் கதவு. பின்னால சுவர்."

"சுவருக்கு எதுக்குக் கதவு?"

"எனக்கு ஜன்னல் இருக்கே. அதுக்காக."

"நல்லா இருக்குது நியாயம். உங்களுக்குக் காத்து, எனக்குக் கொக்கி."

சபீன் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. "நல்லா சாப்பிடறியா?" என்று கேட்டாள். "சாப்பிடு. நான் குண்டாறேனான்னு கண்ணாடியில பாத்துக்கிட்டிருக்கேன்."

பூங்காவனம்தான் குண்டானாள். கன்னம் உப்பியது, உதிர்ந்த முடி நெற்றியோரத்தில் குட்டையாக முளைத்தது, எழுந்து நடந்தாள், கூடத்தைப் பெருக்கினாள், தண்ணீர் இல்லாத வடக்குக் கிணற்றில் வாளியை விட்டுப் பார்த்துவிட்டு அந்த வீட்டைக் கட்டியவனைத் திட்டினாள். தெற்கு அறையில் சபீன் கட்டிலோடு கட்டிலாகத் தேய்ந்துகொண்டே போனாள். அவள் மூச்சின் ஓசை மாறியது. ஊரிலிருந்து சமையல் பாத்திரங்கள் வருவது முதலில் ஒருவேளை தவறியது, பிறகு நின்றது. மணி அடிக்கிறவர் கோயில் முற்றத்தில் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். சவப்பெட்டி செய்கிறவர் ஒருநாள் தெருவோடு போகிறவர்போல வந்து, திறந்த வாசல் வழியாகத் தெற்கே ஒரு பார்வை பார்த்தார், பிறகு வடக்கே, கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பூங்காவனத்தைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலை மத்தேயு கொல்லையில் செங்கல் இறக்கினார். குளோத்தில் சத்தம் கேட்டு வந்தாள்.

"இது எதுக்கு?"

"அண்ணி, அந்தப் பொண்ணை அனுப்பிடுங்க."

"அவ நல்லாத்தானே இருக்கா. அவ நல்லா இருக்கிற வரைக்கும் சபீனுக்கு ஒண்ணும் ஆகாது."

"நாம அப்படி நெனச்சோம்."

"நெனச்சோமா? நீங்களும்தானே சரின்னீங்க?"

"நானும்தான் சரின்னேன். இப்ப வேணாங்கிறேன். அறை போனா போகட்டும், நாங்க அடுப்படியில படுத்துக்கிறோம். ஒரு உசுரு போக வேணாம்." அவர் செங்கற்களை அடுக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அதுக்கு ஒரு கொழந்த இருக்கு, அண்ணி."

"எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றாள் குளோத்தில். "இன்னும் ஒரு நாள். காலையில அவ ரெண்டு ஸ்பூன் தண்ணி குடிச்சா. நேத்து ஒரு ஸ்பூன்தான்."

அனஸ்தாசி அடுப்படியிலிருந்து, "அக்கா, நீங்க போய்க் கொஞ்சம் படுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். குளோத்தில் படுக்கவில்லை. மகளின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். சபீன் விழித்துத்தான் இருந்தாள்; எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மம்மா."

"என்ன வேணும்? தண்ணியா?"

"காலெல்லாம் ஒடையுது இந்த வீட்ல. கொழந்த பொறக்குது. சாவு வருது. எல்லாமே நடக்கிற விஷயம்." அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள், பின்பெஞ்சுக் குழந்தைக்குச் சொல்வதைப்போல. "கொணமாகறதுன்னா என்ன நடக்குது, சொல்லு. ஒண்ணும் நடக்கல. வர இருந்தது வரல, அவ்வளவுதான். வராததை இந்த வீடு எப்படி அந்தப் பக்கம் எடுத்துக்கிட்டுப் போகும்?"

குளோத்தில் மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். திருநீறு விரலில் வந்தது.

"அவளை அனுப்பிடு. நல்லவ அவ. என் ஆரஞ்சையெல்லாம் தின்னுட்டா." சபீன் பெரிய ஜன்னலின் பக்கம் மெல்லத் திரும்பிப் படுத்தாள். வலது கையைக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான் தூங்குவாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

மறுநாள் மதியம், கடைகளெல்லாம் கதவடைத்து, தெருவில் நாய்கூட இல்லாமல், கடல் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, சபீனின் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வர ஆரம்பித்தது. குளோத்தில் அந்த இடைவெளிகளைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். பிறகு எழுந்து, மகளின் கால்விரல்களை ஒருமுறை உள்ளங்கைக்குள் வைத்து மூடித் திறந்துவிட்டு, அனஸ்தாசியைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இவகிட்ட உக்காரு" என்றாள். கூடத்தைத் தாண்டி வடக்கு அறைக்குப் போனாள். பூங்காவனம் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"உன் பொண்ணைப் போய்ப் பாத்துட்டு வா" என்றாள் குளோத்தில்.

"இந்த வெயில்லயா? சாயங்காலம் போறேனே."

"இப்பவே போ. பாத்து எத்தனை நாளாச்சு. அலமாரியில பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்த பிஸ்கோத்து இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ."

"டீச்சரம்மா?"

"தூங்கறா."

பூங்காவனம் சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று எதிர் அறையை எட்டிப் பார்த்தாள். ஜன்னலின் பக்கம் திரும்பியிருந்த முதுகு மட்டும் தெரிந்தது. "டீச்சரம்மா, வந்துடறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நிலைப்படியைத் தாண்டி, பிஸ்கோத்தை எடுத்துக்கொண்டு, தூண்களுக்கு நடுவில் இறங்கித் தெருவின் வெயிலுக்குள் போனாள்.

கொல்லையில் மத்தேயு குழியில் ஊறிய சுண்ணாம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். திறந்திருந்த கதவுகளின் வழியாக பூங்காவனம் வெளியே போவதைப் பார்த்தார். அப்பாடா என்று இருந்தது. அண்ணி வடக்கு அறைக்குள் குனிந்து படுக்கையை உதறுவது தெரிந்தது. துணிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள், பிறகு அடைத்துவிடலாம் என்று நினைத்து, அவர் சுண்ணாம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீரை விட்டார்.

குளோத்தில் விரிப்பை உதறி மீண்டும் விரித்தாள். தண்ணீர்ச் சொம்பைப் பூங்காவனம் இடம் மாற்றி வைத்திருந்தாள். அதைக் கட்டிலின் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். செருப்பைக் கழற்றி, எதிர் அறையில் சபீனின் செருப்பு இருந்ததற்கு நேராக விட்டாள். கட்டிலில் ஏறி, திறக்காத ஜன்னலின் பக்கம் திரும்பிப் படுத்து, இடது கையைக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டாள்.